கழுவுவதற்கு முன் போட்ட டிக்

நான் படித்த பாலிடெக்னிக்கில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண்கள் சிலர், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கும் முறையை எழுதித் தரும்படி கேட்டு எட்டு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் என் பெயரோடு போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லி எழுத உட்கார்ந்தேன். பதினான்காவது வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வரியைப் பற்றி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று நாலு வருடமாகப் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பது வருடம் ஸ்பிரே கன் பிடித்தேன். கடைசி வருடத்தில் பெயின்ட்டோடு கலக்கும் ஹார்டனர் டப்பாவின் மூடியைத் திறந்தாலே நெஞ்சு இறுகத் தொடங்கியது. முகமூடி போட்டும் பயனில்லை. என் நுரையீரலுக்கு அந்த மருந்தின் மேல் நிரந்தரமாகப் பகை வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இனி அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். இப்போது எண்ணூர் சாலையில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து கன்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்றுகிறேன். மாடிப்படி ஏறினால் இரண்டாவது தளத்தில் ஒரு முறை நிற்க வேண்டும். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

படித்த கதை சுருக்கமானது. மெக்கானிக்கல் டிப்ளமா, வகுப்பில் நாலு பெண்கள், முடித்த பிறகு ஒரு வருடம் வேலை இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே உதிரி பாகங்களுக்கு அட்டை கட்டிப் பெயர் எழுத ஆள் தேவைப்பட்டது. போனேன். ஆறு மாதத்தில் அட்டை எழுதும் வேலை முடிந்து, எஞ்சின் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. முன்பு அதைச் செய்துகொண்டிருந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டதுதான் காரணம். திறமையைப் பார்த்துக் கொடுத்ததாக நான் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறை முதலாளி தேவராஜ் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். அவருடைய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளைப் பார்த்துத் திட்ட மாட்டார். எஞ்சினைப் பார்த்துப் பேசுவார். நான் அடித்த முதல் சிலிண்டரின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் தலையைத் தட்டிக்கொடுத்து, "இன்னாமா, உனுக்கு யாரு இப்டி தார் ஊத்துனது? எரியுதா? இன்னா செய்வே, உன் தலையெழுத்து" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிலிண்டரை மறுபடி சுரண்டி மெல்லிசாக அடித்தேன். சூடு ஆற வேண்டிய இடத்தில் பெயின்ட் தடியாக இருந்தால் எஞ்சினுக்குப் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும் என்பதை அவர் என்னிடம் நேராக ஒரு நாளும் சொன்னதில்லை. எஞ்சினிடம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவர் பாபு அண்ணன். வியாசர்பாடி குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு. எட்டாவது வரை படித்தவர். நாற்பது வயதுக்குள் எத்தனை எஞ்சின் திறந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக்குப் போய் ஃபைபர் படகுகளின் மோட்டார்களைப் பார்த்துக் கொடுப்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, டிப்ளமா என்றுதான் கூப்பிடுவார். "இன்னா டிப்ளமா, பொண்ணுக்கு பவுடர் போட்டாச்சா, மாப்ள வூட்டுக்காரன் வந்துகினு கீறான்" என்பார். நானும் விட மாட்டேன். அவர் போல்ட்டுகளை டீ கிளாஸில் போட்டு வைப்பதைச் சொல்லி, ஒரு நாள் குடித்துவிடப் போகிறீர்கள் என்பேன்.

இனி முறைக்கு வருகிறேன். கேட்டவர்களுக்கு இதுதான் வேண்டும்.

கடலோரத்தில் கிடந்த எஞ்சினுக்கு இரண்டு வியாதி. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், இரும்பில் துரு செதில் செதிலாக எழும்பும். முதலில் எல்லா வாய்களையும் அடைக்க வேண்டும். எண்ணெய் போகும் வழி, போல்ட் துளை, பேரிங் உட்காரும் குழி எல்லாவற்றுக்கும் ரப்பர் அடைப்பான் போட்டு, எண்ணெய் கசியாமல் இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகங்களுக்கு டேப் ஒட்டவேண்டும். அதற்குப் பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு பிளாஸ்டிங் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்ட பெட்டி அது. பக்கவாட்டில் இரண்டு கையுறைகள் தொங்கும். உள்ளே கையை விட்டு, ரவையைவிடப் பொடியான கண்ணாடி உருண்டைகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தால், அறுபது வருட அழுக்கு போய் உலோகம் பால் மாதிரி வெளுத்து வரும். பார்க்க மிகவும் அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கக் கூடாது. அடித்த உருண்டைகள் எல்லாச் சந்திலும் புகுந்திருக்கும். எனவே அடைப்பான்களை எடுத்துவிட்டு, சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு எண்ணெய் வழியிலும் பிரஷ் விட்டு, காற்றடித்து, மறுபடி கழுவி, கடைசியாக வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே காற்றை ஊத வேண்டும். துணியில் ஒரு மினுக்கு தெரிந்தாலும் திரும்பவும் முதலிலிருந்து. இதுதான் பதினான்காவது வரி.

கழுவியதும் ராயபுரத்தில் மூடிய ஒரு பேக்கரியிலிருந்து வாங்கிய அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். உலோகத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் அப்போதுதான் வெளியே வரும். துடைத்துவிட்டு, பிடிமானத்துக்கு ஒரு பூச்சு, மேலே சூடு தாங்கும் பெயின்ட் மெல்லிசாக மூன்று பூச்சு. சிலிண்டரைச் சுற்றிச் சூடு ஆற்றும் துடுப்புகளுக்கு நேராக நின்று அடித்தால் இடுக்கில் போகாது. முதலில் நாலு பக்கமும் சாய்வாக அடித்து, இடுக்கு நிரம்பிய பிறகு நேராக வரவேண்டும்.

எங்கள் ஊரில் பெயின்ட் அடிப்பவர் காற்றையும் பார்க்க வேண்டும். காலையில் மேற்கேயிருந்து வரும் காற்றில் மணலி ஆலைகளின் கரி இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்றில் உப்பு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று அசையாத ஒரு மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் அடிப்பேன். ஈரப் பெயின்ட்டில் கரி உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி தொடங்க வேண்டும்.

பட்டியல் என் யோசனை. டேப் ஒட்டும் வேலை விட்டுப்போய், இரண்டு முறை கேஸ்கெட் முகத்தில் பெயின்ட் ஏறிய பிறகு எழுதினேன். எஞ்சினுக்கு ஒரு தாள், இருபத்திரண்டு வரி, ஒவ்வொன்றின் எதிரிலும் டிக், அடியில் என் கையெழுத்து. தேவராஜ் அண்ணனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வாடிக்கையாளர்களிடம் காட்டத் தொடங்கினார். பெங்களூரிலிருந்தெல்லாம் வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. வேலை முடிந்து டிக் போடப் போகும்போது என் கையில் கிரீஸும் சோப்பும் இருக்கும். தாளில் கறை படியும். கறை படிந்த தாளைக் காட்டினால் நன்றாக இருக்காது என்று அவர் பக்கத்தில் கிடந்த கிராங்க் கேஸிடம் சொன்னார். அதனால் காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே அன்று செய்யவேண்டிய வரிகளுக்கு டிக் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கத்துக்கு வந்தேன். எப்படியும் செய்யத்தானே போகிறேன் என்று நினைத்தேன். இப்படித்தான் என் பட்டியலில் டிக் என்பது செய்தேன் என்பதிலிருந்து செய்யப் போகிறேன் என்பதாக மாறியது. எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். பாபு அண்ணன் பூட்டுவதற்கு முன் எல்லாப் பாகத்தையும் தன் பங்குக்கு மண்ணெண்ணெயில் ஒரு முறை கழுவுவார். யார் கழுவிக் கொடுத்தாலும் சரி, அவர் கழுவாமல் பூட்ட மாட்டார். அதில் என் புதுப் பெயின்ட்டின் பளபளப்பு மங்கியது. நான் தேவராஜ் அண்ணனிடம் முறையிட்டேன். கழுவியதற்குத்தான் பட்டியலில் டிக் இருக்கிறதே, எதற்கு இரண்டு வேலை என்று கேட்டேன். அவரும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பாபு அண்ணன் என்னிடம் வந்து, "டிப்ளமா, கல்யாணத்துக்கு குளிச்சிட்டு வந்த பொண்ணுன்னாலும் மூஞ்சி கழுவிக்கினுதான் மணையில ஒக்காரும். சரி வுடு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்த் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த நிலையில்தான் கஸ்தூரி அம்மாவின் வண்டி வந்தது. காசிமேட்டில் ஏலம் எடுத்து மொத்தமாக மீன் அனுப்புகிறவர். அவருடைய கணவர் ஓட்டிய, ஐம்பதுகளில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. அவர் இறந்த பிறகு வலைக் கிடங்கில் பதினைந்து வருடம் கிடந்திருந்தது. கணவரின் நினைவு நாளன்று மகன் ஓட்ட, தான் பின்னால் உட்கார்ந்து துறைமுக வாசல் வரை போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் நரேஷுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். "அவரு ஓட்டுனப்போ சத்தத்த கேட்டே ஐஸ்காரன் எழுந்து நிப்பான். அந்தச் சத்தம் வந்தா போதும் பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ரக எஞ்சினில், சுழலும் தண்டான கிராங்குக்கு எண்ணெய் போகும் வழி பக்கத்து மூடிக்குள் இருக்கிறது. டைமிங் கவர் என்போம். அதற்குள் பென்சிலைவிட மெல்லிய துளை ஒன்று போய், ஒரு மூலையில் திரும்பி, கிராங்கை நோக்கிப் போகும். அந்த மூலையை வெளியிலிருந்து ஒரு சிறிய திருகு மூடியிருக்கும். திருகைக் கழற்றினால்தான் மூலையைக் கழுவ முடியும். கிராங்கில், பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உட்காரும் இடத்தில் பேரிங் குண்டுகள் கிடையாது, புஷ் என்கிற வழுவழுப்பான உலோக வளையம்தான். சுத்தமான எண்ணெய் போனால் அது ஆயுசுக்கும் ஓடும். ஒரு சிட்டிகை மணல் போனால் அரை மணி நேரம்.

அன்று காலை வழக்கம்போல் டிக் போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். பிளாஸ்டிங் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, டைமிங் கவருக்குப் போட்ட அடைப்பான்களில் ஒன்று உருண்டைகளுக்கு நடுவே கழன்று கிடந்தது. எண்ணெய் வழிக்குள் உருண்டைகள் போயிருக்கும் என்பது அந்த நொடியே எனக்குத் தெரியும். திருகைக் கழற்றப் பார்த்தேன். உப்பு பிடித்து இறுகியிருந்தது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து கழற்ற வேண்டும், அரை நாள் வேலை. நினைவு நாளுக்கு இன்னும் ஆறு நாள். அதற்குள் பாபு அண்ணன் பூட்ட வேண்டும். வெளியே காற்று நின்றிருந்தது. அதற்கு முன் மூன்று நாளாக ஒரு மணி நேரம்கூட அப்படி நிற்கவில்லை.

இரண்டு முனையிலிருந்தும் சோப்புத் தண்ணீரை அடித்தேன். காற்று ஊதினேன். துணியில் மினுக்கு தெரியவில்லை. மூலையில் தேங்கியது நேராக ஊதினால் வராது என்று தெரிந்தவள் நான். வராததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். திருகின் மேலேயே பெயின்ட் அடித்தேன். நன்றாக வந்திருந்தது. என் ஒன்பது வருடத்தில் அதைவிடச் சிறப்பாக ஒரு மூடியை அடித்ததில்லை.

நினைவு நாளன்று வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. கஸ்தூரி அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். பட்டறை மொத்தமும் வாசலில் நின்று கைதட்டியது. இருபது நிமிடத்தில் போன் வந்தது. கடற்கரைச் சாலையில், துறைமுக வாசலுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி சறுக்கிச் சாய்ந்தது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி நாலடி தள்ளி நின்றதால் இரண்டு பேரும் உயிரோடிருந்தார்கள். நரேஷுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அம்மாவுக்கு முழங்கை முழுக்கத் தோல் போயிருந்தது.

மறுநாள் பாபு அண்ணன் எஞ்சினைப் பிரித்தார். புஷ் கருகி, கிராங்கோடு ஒட்டியிருந்தது. எண்ணெய் சாம்பல் நிறக் குழம்பாக இருந்தது. அவர் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் குழம்பைக் கொஞ்சம் ஒரு தாளில் தடவி, பெயின்ட் குமிழி பார்க்க நான் வைத்திருக்கும் லென்ஸில் பார்த்தேன். பாபு அண்ணனின் மேஜைக்குப் பக்கத்தில் உலோகம் தேய்க்கும் கிரைண்டர் இருக்கிறது. அங்கிருந்து பறக்கும் தூசியாக இருந்தால் ஓரம் உடைந்து கூர்கூராகத் தெரியும். தாளில் தெரிந்தவை உருண்டைகள். மீன் முட்டை மாதிரி, ஒன்றுபோல் ஒன்று. தாளை மடித்துக் கழிவுத் தின்னர் டிரம்மில் போட்டேன். பிறகு, உதவி செய்வதுபோல், கிராங்கைத் துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்தேன்.

திரும்பி வந்த பாபு அண்ணன் டைமிங் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருகின் பிளவில் நகத்தை விட்டுச் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்தது. அடியில் பழைய வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது.

"டிப்ளமா, இந்த ஸ்குருவ தொறந்தியா?"

"லிஸ்ட்ல டிக் இருக்குண்ணே."

"லிஸ்ட்ட கேக்கலமா. உன்ன கேக்குறேன்."

"தொறந்தேன்" என்றேன்.

அவர் கவரைத் துணி விரித்து அதன் மேல் வைத்தார்.

மாலையில் கஸ்தூரி அம்மா கையில் கட்டோடு வந்தார். தேவராஜ் அண்ணன் பிளாஸ்டிக் உறையில் இருந்த என் தாளை அவர் முன் வைத்து, கழுவும் வேலை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, பூட்டும் இடத்தில்தான் தூசி போயிருக்க வேண்டும் என்றார். பிறகு பிரித்துக் கிடந்த எஞ்சின் பக்கம் திரும்பி, "கிரைண்டர் பக்கத்துல வச்சி பூட்னா உனுக்கு வேற இன்னா ஆவும், சொல்லு" என்றார். அவர் கேட்டது எஞ்சினை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பாபு அண்ணனிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் கிடையாது. இருபது வருடக் கை மட்டும்தான். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அன்றே போய்விட்டார். டீ கிளாஸில் இருந்த போல்ட்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்.

அப்போது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் தனிப் பெயின்ட் அறை கட்டி என் பொறுப்பில் தருவதாக இருந்தது. பட்டறையில் நான் ஒருத்திதான் பெண், நான் விழுந்தால் பெண் என்பதால் விழுந்தாள் என்பார்கள் என்றும் நினைத்தேன். முதலாவது உண்மையான காரணம். இரண்டாவது நான் பிற்பாடு தேடி எடுத்துக்கொண்டது.

பெயின்ட் அறை வந்தது. அதில் மூன்று வருடம் வேலை செய்தேன். பாபு அண்ணன் மணலியில் டேங்கர் லாரி பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. மூச்சுக் கோளாறு வந்து நான் வேலையை விட்ட அன்று, தேவராஜ் அண்ணனிடம் திருகைப் பற்றிச் சொன்னேன். பாதி சொல்லும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "பழைய கதைம்மா. ஒடம்ப பாத்துக்கோ." சுவரில் என் பட்டியல் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தது.

அதன் பிறகுதான் மாணவிகள் கேட்டது, நான் எழுத உட்கார்ந்தது, பதினான்காவது வரி.

மணலியில் பாபு அண்ணனைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு ஆயிற்று. ஒரு டேங்கரின் அடியிலிருந்து வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. "இன்னா டிப்ளமா, இவ்ளோ எளச்சிட்டே" என்றுதான் தொடங்கினார். நான் அடைப்பானிலிருந்து லென்ஸ் வரை வரிசையாகச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, அன்று திருகைப் பார்த்தபோதே தெரியும் என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் எனக்கு உறைத்தது.

"சொன்னா எவன் நம்புவான்? உன் கையில பேப்பர் கீது. எங்கையில கறைதான் கீது." கோபமே இல்லாமல் சொன்னார். "நீ லென்ஸ் வச்சி பாத்தது மட்டும் எனுக்குத் தெரியாது. அத்த நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்."

பிறகு எனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொன்னார். எஞ்சின் நின்ற அடுத்த வாரம் கஸ்தூரி அம்மா வியாசர்பாடிக்குப் போயிருக்கிறார். பாபு அண்ணன் இல்லாத நேரம். குடியிருப்பின் கீழே, தண்ணீர் பம்ப் அருகில், என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் குடும்பம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். எல்லா மாடியும் பார்த்தது. காசிமேட்டிலும் சொல்லிவிட்டார். அதோடு ஞாயிற்றுக்கிழமைப் படகு வேலை நின்றது. அதைக்கூடப் பாபு அண்ணன் பெரிதாகச் சொல்லவில்லை. அவருடைய மனைவி செல்வி அக்கா அன்றிலிருந்து பம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது எல்லோரும் வந்துவிட்டுப் போன பிறகுதான் போகிறார் என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, எனுக்குத்தான் தெரியுமே. மண்ண எங்க வாரி வுட்டாங்களோ, அங்க வந்து சொல்லு." சொல்லிவிட்டு மறுபடி டேங்கருக்கு அடியில் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை காசிமேட்டில் ஏலம் முடியும் வரை காத்திருந்து கஸ்தூரி அம்மாவிடம் சொன்னேன். வஞ்சிரத்தை ஐஸில் அடுக்கிக்கொண்டே கேட்டார். முடிவில் கை நின்றது. "எம் புள்ள தோளுக்குள்ள இன்னும் பிளேட்டு கீது" என்றார். அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார். "அவன் பொண்டாட்டி அன்னிக்கி இடுப்புல கொழந்தயோட நின்னுகினு இருந்தா. அந்தக் கொழந்த நல்லாக்கீதா?"

தெரியாது என்றேன். அதைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை.

கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வியாசர்பாடிக்குப் போனோம்.

தண்ணீர் வரும் நேரம். பம்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். கஸ்தூரி அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு பேச்சை நிறுத்தினார்கள். யாரோ மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். செல்வி அக்கா இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றார். அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. கஸ்தூரி அம்மா அந்தக் குழந்தையையே பார்த்தபடி, "இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுட்டு அப்புறம் என்ன இன்னா வோணா பேசு" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

நான் சொன்னேன். எஞ்சினைக் கழுவ வேண்டியவள் நான். கழுவவில்லை. கழுவியதாகத் தாளில் எழுதியிருந்தேன். கேட்டபோதும் பொய் சொன்னேன். பாபு அண்ணன் மேல் ஒரு தவறும் இல்லை. ஐந்து வாக்கியம். வரும் வழியில் மனத்துக்குள் எண்ணி வைத்திருந்தேன்.

பம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் பாதிக் குடத்தோடு கையை எடுத்துவிட்டாள்.

செல்வி அக்கா தலையைத் தூக்கி மாடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணாவது மாடிக்குக் கேக்கல. அன்னிக்கி அவங்களும்தான் பாத்துகினு இருந்தாங்க. இன்னொரு தபா சொல்லு."

சத்தம் போட்டுப் பேச எனக்கு மூச்சு போதாது. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நின்றேன். இரண்டாவதில் பாதியில் இருமல் வந்தது. யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. செல்வி அக்கா காத்திருந்தார். மேலே ஒரு ஜன்னல் திறந்தது. மூச்சு திரும்பியதும், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடராமல், அவர்களுக்கும் கேட்கும்படி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.